தண்ணீருக்கு முன்னால் நடந்தவளுக்கு

பெயிண்ட் வாசனை பொதுவாக என்னை ஒன்றும் செய்யாது. வருஷக்கணக்காக வேதியியல் ஆய்வகத்தில் நின்று மூக்கு மரத்துப்போனவள் நான் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். ஆனால் இன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததுமே அந்த வாசனைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கிழக்குச் சுவரில் உன்னை வரைந்துகொண்டிருந்தார்கள்.

முழு உருவம். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, பூவாளியால் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய். நீ பச்சைப் புடவை கட்டி நான் பார்த்ததில்லை. பூவாளியைத் தொட்டும் பார்த்ததில்லை. இங்கே மரம் நடும் விழா என்று வருஷா வருஷம் அதே குழியில் புதுக் கன்று நட்டு ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் தலைவலி என்று சொல்லி என்னோடு டீ குடிக்க வந்துவிடுகிறவள் நீ. மழை மேகத்துக்குப் பயந்து மேலே தார்ப்பாய் கட்டி, சாரத்தில் உட்கார்ந்து ஓவியர் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க இவங்க கூட வேல பாத்தவங்கதானே? பொட்டு பெருசா வப்பாங்களா, சின்னதா?"

"வைக்கவே மாட்டா."

"வக்கலன்னா மொகம் மொட்டையா இருக்குமே மேடம்" என்று சொல்லிச் சின்னதாக ஒன்று வைத்தார். பிறகு அவராகவே பேச்சைத் தொடர்ந்தார். "புதுச் சொவரு, கலரைக் குடிச்சுக்கிட்டே இருக்கு. இந்த எடத்துக்கு மட்டும் ரெண்டு கை கூட அடிச்சாச்சு."

அவர் காட்டிய இடம் உன் முழங்காலுக்குக் கீழே. பழைய சுவரில் அந்த இடத்தில் ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியாகத்தான் மழைத்தண்ணீர் வளாகத்தைத் தாண்டி ஊர்க் கண்மாய்க்குப் போகும். அந்த இடத்தில்தான் சுவர் உன் மேல் விழுந்தது. ஓவியருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். நான் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டேன்.

இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரில் உன் மேசை. அதில் இப்போது கணினித் துறைப் பையன் ஒருவன் உட்காருகிறான். நல்ல பையன்தான். உன் ஜன்னலில் நார்த்தாமலைக் குன்றுகள் தெரிகிற இடத்தை நாட்காட்டி மாட்டி மறைத்துவிட்டான் என்பதைத் தவிர அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பதிவாளர் காலையில் என்னைக் கூப்பிட்டிருந்தார். நாளைக்கு விழா. சுவருக்கு உள்பக்கம் வெட்டியிருக்கிற மழைநீர்க் குளத்துக்கு உன் பெயர் வைக்கிறார்கள். ஆமாம், குளம். பழைய திறப்பை மூடிச் சுவரைக் கட்டியதால் தண்ணீர் தேங்கும்தானே; தேங்குகிற இடத்தைச் சதுரமாக வெட்டி, கரைக்குக் கல் பதித்து, பலகை நட்டுவிட்டார்கள். பசுமை வளாகம் என்று சான்றிதழ் கொடுக்க ஒரு குழு வருகிறதாம். நான் உன் தோழி, இப்போது உன் பாடத்தையும் எடுக்கிறவள். ஆகையால் நான்தான் பேச வேண்டும்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம். ஊர்க்காரங்களையும் கூப்பிட்டிருக்கோம். அடுத்த கட்ட வேலையில கண்மாய்க்கும் தண்ணி வந்துரும்னு ஒரு வரி சேத்துக்கங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"அடுத்த கட்ட வேலைன்னு ஒண்ணு இருக்கா சார்?"

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேப்பரையே எடுத்துரலாம்னு மேல ஒரு பேச்சு இருக்கு மேடம். நான்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். விழா நல்லபடியா முடிஞ்சா எனக்கும் சொல்ல வசதியா இருக்கும்" என்றார்.

அந்தப் பேப்பர் என்றால் உன் பேப்பர்தான். சுற்றுச்சூழல் அறவியல். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் புதுக்கோட்டையில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. நான் வேதியியல், நீ தத்துவம். "தத்துவம் படிச்சு என்னடி செய்யப்போற?" என்று கேட்டதற்கு, "ஒன்னைச் சகிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றாய். இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை கிடைத்துப் பல வருஷம் கழித்து நீ வந்தாய். இங்கே தத்துவத் துறை கிடையாது. எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக ஒரு தாள் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது, யாரும் எடுக்க முன்வரவில்லை, உன்னை எடுத்தார்கள். மத்தியானம் கடைசி மணி. பெரிய கூடத்தில் மூன்று துறைப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து தூங்குவார்கள். மைக் பாதி நேரம் வேலை செய்யாது.

நீ முதல் வகுப்பு எடுத்ததை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். வரையறை, முக்கியத்துவம், முடிவுரை என்று எழுதிப்போடுவாய் என்று நினைத்தேன். நீ கரும்பலகைப் பக்கமே போகவில்லை.

"உங்க வீட்டு போர் எத்தன அடி? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவன் சொன்னதைவிட அடுத்தவன் நூறு அடி கூட்டிச் சொன்னான். மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல ஒரு பெருமை. ஆவுடையார்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "எங்க வீட்டுல போரே இல்ல மேடம், பக்கத்து வீட்டுல புடிப்போம். இப்ப அதுவும் வரல" என்றாள். நீ அவளிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டாய்: "ஒருத்தர் ஆழமாப் போட்டதால பக்கத்து வீட்டுல வத்திருச்சு. போட்டவர் தப்புப் பண்ணினாரா? அவர் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. யோசிங்க. எழுதிக்க வேணாம்."

மெக்கானிக்கல் மாணவன் ஒருவன் எழுந்து, "மேடம், எங்க அப்பாதான் போர் வண்டி வச்சிருக்காரு" என்றான். கூடமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "அப்ப எல்லாரையும்விட ஒனக்குத்தான் கேள்வி கஷ்டம். மெதுவா யோசிச்சு வா" என்றாய். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பருவம் முழுக்க அவன் ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை.

வெளியே வந்ததும் உன்னைக் கிண்டல் செய்தேன். இதெல்லாம் பரீட்சையில் கேட்க மாட்டார்கள், நல்லது கெட்டது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு எதற்கு ஒரு தாள் என்று கேட்டேன். நீ சொன்னதை நான் இன்று வரை மறக்கவில்லை. "நல்லது எதுன்னு எல்லாருக்கும் தெரியும்டி. யாரு நஷ்டப்படுறதுங்கிறதுலதான் சண்டை."

வாரியில் நடக்க வைத்தது அதற்கு அடுத்த வருஷம். வளாகத்துக்கு மேற்கே செம்மண் மேடு, அதற்கு மேலே தைலமரக் காடு. மேட்டில் பெய்கிற மழை ஒரு மண் வாய்க்காலில் இறங்கி, நம் வளாகத்துக்கு நடுவே ஓடி, கிழக்கே உள்ள ஊர்க் கண்மாயில் போய்ச் சேரும். ஊர்க்காரர்கள் அதை வாரி என்பார்கள். பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பிருந்தே அது இருக்கிறது. நம் ஆட்கள் அதைப் பள்ளம் என்றார்கள். ஒருவர் சாக்கடை என்றே சொன்னார். நீ பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய், "இந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு பாத்துக்கிட்டே நடங்க" என்பாய். அவர்கள் வாரியோடு மேலே ஏறி வந்தால் நம்முடைய காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். "மேடம், நம்ம சொவரு வந்துருச்சு." "ம். இப்பத்தான் பாடம் ஆரம்பிக்குது."

அப்படிப் போன ஒருநாள்தான் செல்லாயி நமக்குப் பழக்கமானாள். கண்மாய்க்குக் கீழே அவளுக்குக் கொஞ்சம் நிலம். மற்ற நாளில் இலுப்பூர் சந்தையில் காய் விற்பாள். நம்மைக் கண்டதும் அவள் வணக்கம் சொல்லவில்லை, சண்டைதான் போட்டாள். "நீங்க வாரியில நடந்தா பாடமா? நாங்க நடந்தா ஒங்க வாட்ச்மேன் கார்டு கேக்குறான். கார்டு இல்லாம தண்ணி மட்டும் வருமாக்கும்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று நீ நின்று கேட்டாய். ஐப்பசியில் முதல் தண்ணீர் வாரியில் இறங்கும்போது ஊரிலிருந்து ஒருவர் மேட்டுக்குப் போய், அந்தத் தண்ணீருக்கு முன்னால் செருப்பில்லாமல் நடந்து வருவாராம். வழியில் கிடக்கிற முள்ளையும் சருகையும் மண்ணையும் காலாலும் குச்சியாலும் விலக்கிக்கொண்டே கண்மாய் வரைக்கும் வர வேண்டும். கரையில் நிற்கிறவர்கள் தூரத்திலிருந்தே கேட்பார்கள்: "வருதா?" நடக்கிறவர் "வருது" என்று சொல்லலாம். "நிக்குது" என்றும் சொல்லலாம். "வந்துரும்" என்று மட்டும் சொல்லக்கூடாது.

"ஏன் சொல்லக்கூடாது?" என்று நீ கேட்டாய்.

"எங்க சின்ன மாமனாரு ஒருக்கா சொல்லிப்புட்டாரு ஆத்தா. நல்ல மனுசன், நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொன்னாரு. நம்பி அம்புட்டுப் பேரும் நாத்து விட்டோம். தண்ணி வரல. நாத்து காஞ்சு போச்சு, வெத நெல்லும் போச்சு. அதுக்கப்பறம் அவர யாரும் நடக்க விடல."

நாம் திரும்பி வந்தோம். பஸ் நிறுத்தத்தில் என்னிடம், "நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்ல நெனச்சத அவ ஒரு வரியில வச்சிருக்காடி" என்றாய். எனக்கு அந்தச் சின்ன மாமனாரை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. அதைச் சொன்னதும், "அவர் மேல எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா நாத்து காஞ்சது அவரோடது மட்டும் இல்லையே" என்றாய்.

சுவரில் திறப்பு வைத்த ஐப்பசியிலிருந்து வளாகத்துக்குள் இருக்கிற தூரத்தை ஊருக்காக நீ நடக்க ஆரம்பித்தாய். உன்னிடம் கார்டு இருந்ததே. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலிக்கருவைக் குச்சியோடு, பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் முள் குத்துகிறது என்று முனகிக்கொண்டு வர, "மேடம், இதுக்கு எத்தன மார்க்?" என்று ஒருவன் கேட்க, நீ போவாய். முதல் வருஷம் என்னையும் இழுத்துப்போனாய். எனக்கு உள்ளங்காலில் முள் ஏறிவிட்டது. ஆய்வகத்தில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, உன் புடவை ஊக்கைக் கழற்றி, "கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரின்னு ஏசியில இருந்தா காலு இப்படித்தான் இருக்கும்" என்று திட்டிக்கொண்டே நீதான் எடுத்துவிட்டாய்.

சுவரில் திறப்பு வைக்க நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். முதலில் சுவர் முழுசாக அடைத்துத்தான் இருந்தது. வாரித் தண்ணீரைச் சாலையோரப் பள்ளத்துக்குத் திருப்பியிருந்தார்கள். பதிவாளர் அப்போதும் இவர்தான். "நம்ம வளாகத்துல விழுற மழை நம்ம தண்ணிதானே மேடம்" என்றார். "மேகம் காம்பவுண்டு பாத்தா சார் பெய்யுது?" என்று நீ கேட்டாய். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்றாய். உன்னைக் கண்டாலே சிலர் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு திறப்பு வைத்தார்கள். ஆனால் விடுதிப் பையன்கள் அதன் வழியாக டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று சொல்லி, கோழிக்கூட்டுக்குப் போடுகிற மாதிரி நெருக்கமான கம்பிவலை ஒன்றை அடித்துவிட்டார்கள். தண்ணீர் போகும், பையன் போக மாட்டான் என்று கணக்கு. சருகையும் பேப்பர் கப்பையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மழைக்கும் நீ போய் வலையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வலையை எடுத்துவிட்டு முறையாக ஒரு மதகு வையுங்கள், சுவருக்கும் அஸ்திவாரம் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பதில் ஒன்றுதான். "அடுத்த கட்ட வேலையில வந்துரும் மேடம்."

வெளியே வந்து என்னைப் பார்த்து, "வந்துரும்னுட்டார்டி" என்று உதட்டைப் பிதுக்குவாய். நாம் சிரிப்போம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாளைப் பற்றி உனக்கு எழுத என்ன இருக்கிறது, நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் கடைசிக் கொஞ்சம் உனக்குத் தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. இரவெல்லாம் கொட்டிவிட்டுக் காலையில் வெறித்திருந்தது. நீ தைலமரக் காட்டிலிருந்து தண்ணீருக்கு முன்னால் நடந்து வந்தாய். எனக்கு வகுப்பு இல்லை. குடையோடு சுவர்ப் பக்கம் வந்து நின்றேன். வலை அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நீ கேட்டைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போனாய். தூரத்தில் கண்மாய்க் கரையிலிருந்து செல்லாயியின் குரல் கேட்டது: "வருதா ஆத்தா?" நீ, "நிக்குது" என்று கத்தினாய்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொன்னாய். "நீ அங்கிட்டு இருந்து குச்சியால குத்து. நான் இங்கிட்டு இருந்து இழுக்குறேன்."

குத்தினேன். தைல இலையும் பேப்பர் கப்பும் கட்டிகட்டியாகக் கழன்று வந்தன. எனக்கு முழங்காலுக்குத் தண்ணீர். வலையின் ஒரு மூலை பிய்ந்து தண்ணீர் உள்வாங்குவது காலில் தெரிந்தது. "வருதுடி" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். செல்லாயிக்கும் கேட்க வேண்டும் என்று இன்னொரு தடவை சத்தமாக, "வருது" என்றாய்.

சுவர் படாரென்று விழவில்லை. முதலில் லேசாகச் சாய்ந்தது. அப்புறம் சுவர் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

என் கையில் இருந்த ஒரு குச்சிக்கு அந்தச் சுவர் விழாது என்று கட்டடத் துறைக்காரர்கள் எனக்கு எத்தனையோ தடவை விளக்கிவிட்டார்கள். ஹாலோ பிளாக் சுவர், தேங்கிய தண்ணீரின் பாரம், என்றைக்கு இருந்தாலும் விழுந்திருக்கும் என்றார்கள். புரிகிறது. அன்றைக்கு ஏன் விழுந்தது என்றுதான் புரியவில்லை. செல்லாயியும் இன்னும் நாலு பேரும் ஓடிவந்து கல்லைத் தூக்கினார்கள். நான் உன் கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

உனக்குத் தெரியாத கொஞ்சம் என்றேனே, அது இதுதான். அன்று தண்ணீர் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தது. தடுக்க ஒன்றுமே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் ஊரில் விளைந்தது. தை மாதம் செல்லாயியைச் சந்தையில் பார்த்தேன். "அந்தத் தண்ணியில வெளஞ்ச சோறு டீச்சர். தொண்டையில எறங்கல. இருந்தாலும் திங்காம என்ன செய்ய" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்காயை எடைபோட்டாள்.

இங்கே விசாரணை நடந்தது. இயற்கைச் சீற்றம் என்றார்கள். உத்தரவில்லாமல் அந்த இடத்துக்கு நீ போனாய் என்றும் சொன்னார்கள். உன் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிறகு இரும்புக் கம்பி கட்டி, தூண் நிறுத்தி, கான்கிரீட் போட்டுப் புதுச் சுவர் எழுப்பினார்கள். திறப்பு இல்லை. திறப்பால்தான் சுவர் பலவீனமானது என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். போன ஐப்பசியில் மழையே சரியாகப் பெய்யவில்லை. அதனால் சுவருக்கும் தண்ணீருக்கும் இன்னும் சோதனை வரவில்லை.

உன் பாடத்தை எடுக்க ஆள் இல்லை, நான் எடுக்கிறேன். எனக்கு உன்னைப் போல வராது. உனக்குப் பொறுமை உண்டு, எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். தூங்குகிறவன் மேல் சாக்பீஸ் எறிகிறேன். போர் எத்தனை அடி என்று கேட்கிறேன். அவர்கள் இப்போது ஃபோனில் பார்த்து விடை சொல்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் எழுந்து, "அந்த மேடம் செத்ததால என்ன மாறுச்சு மேடம்?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான், "சுவர் பலமாச்சு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு நாள்தான் உன் வகுப்பை நான் உன் மாதிரி எடுத்தேன் என்று தோன்றியது.

அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால்தான் பதிவாளர் சொன்னதைத் தூக்கி எறிய முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் தாள் பிழைக்கும். அடுத்த வருஷமும் அந்தக் கூடத்தில் யாராவது ஒருத்தி எழுந்து இப்படி ஒரு கேள்வி கேட்பாள். நீ கட்டிய ஒன்று மிச்சம் இருக்கும். ஒரே ஒரு வரி. செல்லாயியின் சின்ன மாமனார் சொன்ன அதே வரி.

மழை பிடித்துவிட்டது. ஓவியர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். மேற்கே மேடு தெரியவே இல்லை. எழுந்து போகிறேன். இதைப் பிறகு எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

செருப்பை மேசைக்குக் கீழே விட்டுவிட்டு மேற்கு வேலி வரைக்கும் போனேன். உன் குச்சி ஆய்வகத்தில் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்ற பிறகு வந்தது. முதலில் நுரை, அதற்குப் பின்னால் காப்பி நிறத்தில் தண்ணீர், சருகைத் தள்ளிக்கொண்டு. நான் அதற்கு முன்னால் நடந்தேன். எனக்கு உன்னளவு வேகம் கிடையாது. இரண்டு இடத்தில் அது என்னைப் பிடித்துவிட்டது. விடுதி ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் ஃபோனைத் தூக்கினார்கள். வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டாளே, அந்தப் பெண் மட்டும் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் பின்னால் நடந்தாள்.

வாரி குளத்தில் முடிந்தது. தண்ணீர் கல் பதித்த கரையைத் தாண்டி ஏறி, சுவரைத் தொட்டு நின்றது. உன் பாதம் முதலில் முங்கியது. அப்புறம் புடவைக் கரை. பெயிண்ட் காயவில்லை போலிருக்கிறது, அந்தப் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று தண்ணீரில் இறங்கியது. சுவர் அசையவில்லை. இரும்பு போட்ட சுவர்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கண்மாய்க் கரையிலிருந்து இல்லை, சுவருக்கு ஒட்டியே நின்று கேட்டாள்.

"யாரு அங்க? டீச்சரா?"

"நான்தான் செல்லாயி."

"வருதா?"

நான் சுவரின் மேல் கை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மழையில் ஒருத்தி நாற்று விடுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். அவள் மனசு நோகக்கூடாது என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தச் சின்ன மாமனாரை எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது.

"நிக்குது" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

"நிக்குது செல்லாயி. வழி இல்ல."

பிறகு, "சரி. அப்ப நான் நாத்து விடல" என்றாள். சேற்றில் அவள் கால் எடுத்து வைத்துப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்கும் இதையேதான் சொல்லப்போகிறேன். மைக்கில் சொல்வேன், அவ்வளவுதான். தாளை எடுத்தால் எடுக்கட்டும். "வந்துரும்" என்று சொல்லிக் காப்பாற்றிய பாடத்தை நான் எந்த முகத்தோடு நடத்துவது. சொல்லிவிட்டால் சுவர் திறந்துவிடும் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. திறக்காது. இந்த வருஷம் கண்மாய் காயும். செல்லாயி வெளியூருக்கு நாற்று நடக் கூலிக்குப் போவாள். உன்னிடம் நல்ல சேதி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் உன்னிடம் போய் "வந்துரும்" என்று சொல்ல முடியாது.

உள்ளங்காலில் முள் ஏறியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஊக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், கண்ணாடி போட்டும் அது இருக்கிற இடம் தெரியவில்லை. நீ இருந்தால் திட்டிக்கொண்டே எடுத்திருப்பாய். வேறு யாரையும் கேட்க எனக்கு மனசில்லை, அப்படியே விட்டுவிட்டேன். நாளைக்கு மேடை ஏறும்போது குத்தட்டும்.